இருந்து கண்ட தோட்டமும் நடந்து காணும் தோட்டமும்: நிஜோ கோட்டை பற்றிய ஒரு நோக்கு

மூலநூலைக் கற்பார்க்கு உரை எவ்வாறோ, பழங்கட்டடங்களைக் காண்பார்க்கு வழிகாட்டியின் வாய்மொழி அவ்வாறு. உரை நன்றாயின் மூலம் விளங்கும். உரை வழுவுமாயின், மூலம் கண்முன்னே இருக்கவும் அதனைக் காணாது உரையை மட்டுமே கேட்டு மீள நேரிடும். உல்லாசப் பயணம் பெருந்தொழிலாக வளர்ந்துவிட்ட இக்காலத்திலே, உலகின் கோட்டைகளையும் அரண்மனைகளையும் பெரும்பாலோர் நூல்வழியாக அறிவதில்லை. சிறுகொடியொன்றை உயர்த்திப் பிடித்தபடி முன்னே நடக்கும் ஒருவரின் பின்சென்றே அறிகின்றனர். ஆகவே அந்நடையையும் அதனோடு சேர்ந்துவரும் கூற்றையும் விமர்சனக் கண்கொண்டு நோக்குவது வீண்வேலையன்று. யப்பானின் பழைய தலைநகராகிய கியோத்தோவிலுள்ள நிஜோ கோட்டை இத்தகைய நோக்குக்கு மிகப் பொருத்தமான களமாகும்.

கோட்டையின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். நாடு முழுவதையும் தன் கையகப்படுத்திய தொக்குகாவா இயெயாசு, சோகுன் என்னும் படைத்தலைமைப் பதவியை 1603இல் பெற்றான். அதே ஆண்டிலே, பேரரசரின் நகராகிய கியோத்தோவில் தனது தங்குமிடமாக இக்கோட்டையை அமைத்தான். கட்டுவித்தவன் இயெயாசு எனினும் கட்டிய சுமை மேற்கு யப்பானின் பிரபுக்கள்மீது சுமத்தப்பட்டது. அவர்தம் செல்வம் கோட்டையிலே கரைந்தால் அவரிடம் படை திரளாது என்னும் கணக்கு அதில் அடங்கியிருந்தது. இயெயாசுவின் பெயரன் இயெமிட்சுவின் காலத்தில், 1626இல், கோட்டை விரிவுபெற்று இன்றைய எல்லைகளை எய்தியது. 1867இல் பதினைந்தாவது சோகுனாகிய யோசினோபு, ஆட்சியைப் பேரரசரிடம் மீளக் கையளிக்கும் தன் முடிவை அறிவித்ததும் இங்குள்ள நினோமாரு அரண்மனையிலேதான். ஒரு ஆட்சிமரபின் தொடக்கத்தையும் முடிவையும் ஒரே மதிலுக்குள் கண்ட கட்டடங்கள் உலகிற் பலவல்ல. பின்னர் அரச மாளிகையாகவும், 1939 முதல் கியோத்தோ நகரின் உடைமையாகவும் மாறிய இக்கோட்டை 1940இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1994இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

வழிகாட்டியுடன் கூடிய சுற்று ஏறத்தாழ ஒரு மணித்தியால நடையாகும். கிழக்குப் பெருவாயிலில் தொடங்கி, சிற்பங்கள் செறிந்த கராமொன் வாயிலூடாகச் சென்று, நினோமாரு அரண்மனையின் தாழ்வாரங்களைச் சுற்றி வெளிப்போந்து, அதன் தோட்டத்தைக் கண்டு, உள் அகழியைக் கடப்பது வழக்கமான ஒழுங்கு. இந்நடையின்போது கூறப்படுவனவற்றுள் இரண்டு செய்திகள் திரும்பத் திரும்ப வரக் காணலாம். ஒன்று, யப்பானியரின் இயற்கைப் பற்று. மற்றது, காலத்தால் அழியாத பழைமை. இவ்விரண்டையும் மூலமாகிய கட்டடம் ஏற்கின்றதா என்பதே கேள்வி.

முதலில் அரண்மனையை நோக்குவோம். ஒன்றன்பின் ஒன்றாக, வானிற் பறக்கும் நாரைக்கூட்டம்போலச் சாய்வாக அடுக்கப்பட்ட ஆறு கட்டடங்களைக் கொண்டது அது. அறைகள் முப்பத்துமூன்று, விரிக்கப்பட்ட ததாமிப் பாய்கள் எண்ணூறுக்கு மேல். சுவர்களையும் நகர்கதவுகளையும் நிறைத்திருப்பவை கானோ மரபைச் சேர்ந்த ஓவியர்கள் தீட்டியவை. இப்பணிக்குத் தலைமைதாங்கிய கானோ தன்யூ அப்போது இருபத்துநான்கு வயதினன் என்பது பல்கலைக்கழக வாசகர் சிந்திக்கத்தக்க செய்தி.

இவ்வோவியங்களை அழகியல் நோக்கில் மட்டும் விளக்குவோர், புலியையும் தேவதாருவையும் செரிப் பூவையும் தனித்தனியே காட்டி வியக்கின்றனர். ஆனால் அவை தனித்தனி ஓவியங்கள் அல்ல. ஒரு வாக்கியத்தின் சொற்கள். வருவோர் காத்திருக்கும் முதற்கட்டடமாகிய தோசாமுராயில் பொன்பின்னணியிலே புலிகளும் சிறுத்தைகளும் உலவுகின்றன. யப்பானிலே புலி இல்லை. ஓவியன் தோலையும் சீன ஓவியங்களையும் கண்டே தீட்டினான். கண்டறியாத விலங்கின் முன்னே காத்திருப்பவன் நெஞ்சில் எழுவது கலாரசனை மட்டுமாக இருந்திருக்க முடியாது. அதனைக் கடந்து, கொணர்ந்த காணிக்கையை அமைச்சரிடம் ஒப்புவிக்கும் மண்டபம். அதற்கும் அப்பால் ஓஹிரோமா என்னும் பேரவைக்கூடம். அங்கே சோகுனின் இருக்கை உயர்ந்த தளத்தில் அமைய, வந்தோர் தாழ்ந்த தளத்தில் அமர்வர். சுவரில் மனிதரைச் சிறிதாக்கும் பேருருவான தேவதாரு மரங்கள். வெளிவட்டத்துப் பிரபுக்களின் பயணம் இக்கூடத்தோடு முடிந்தது. நெருங்கிய பிரபுக்களுக்கு உரிய அடுத்த கட்டடமாகிய குரோசொயினில் செரி மலர்கின்றது. சோகுனின் வாழிடமாகிய இறுதிக் கட்டடத்திலோ பொன்னின் பகட்டு அடங்கி, மைத்தீற்றில் அமைந்த அமைதியான சீன மலைக்காட்சிகள். அச்சுறுத்தலிலிருந்து அமைதிவரை செல்லும் இப்படிமுறை முழுவதையும் கண்டவர் மிகச் சிலரே. யார் எதுவரை செல்லலாம் என்பதே அவருடைய தகுதியைக் கூறியது. இன்று நுழைவுச்சீட்டுப் பெற்ற எவரும் அரை மணித்தியாலத்தில் அனைத்தையும் கடந்துவிடுகின்றனர். இது நல்ல மாற்றமே. அதிலே குறைகூற எதுவுமில்லை. ஆனால் எவ்விடத்தில் எவர் நிறுத்தப்பட்டார் என்பதைக் கூறாதவிடத்து, அந்தப் படிவரிசை வெறும் ஓவியக்கூடமாகச் சுருங்கிவிடுகிறது.

தாழ்வாரத்து மரப்பலகைகள் பற்றிய கதையை ஈண்டுச் சிறிது கூறவேண்டும். காலடி படும்போது அவை பறவை ஒலிபோலக் கீச்சிடும். இரவில் வரும் பகைவனை அறிவிப்பதற்காகவே திட்டமிட்டு அமைக்கப்பட்ட ‘குயில்தளம்’ இது என்று நெடுங்காலமாகக் கூறப்பட்டு வந்துள்ளது. பயணிகள் மிக விரும்பிக் கேட்கும் பகுதியும் இதுவே. ஆனால் பலகையின் அடியிலுள்ள இரும்புப் பற்றிகள், காலப்போக்கிலே தளர்ந்து, ஆணியோடு உராய்வதால் எழும் ஒலியே அது, வேண்டுமென்று உண்டாக்கியதன்று. கோட்டை நிர்வாகம் வைத்துள்ள அறிவிப்பே இவ்வாறு கூறுகின்றது. கதை மட்டும் ஓய்ந்தபாடில்லை. ஏன்? கள்ளக்காலடியும் ஒளிந்திருக்கும் வாள்வீரனும் கேட்போரை மகிழ்விக்கும் நாடகம். புலிகளின் முன்னே மணிக்கணக்காகக் காத்திருக்க வைப்பது என்னும் ஓசையற்ற வன்முறையை நாடகமாக்க முடியாது. அதிகாரம் இரவில் வரும் பகைவனுக்கு அஞ்சிய கதை, பகலிலே வந்த விருந்தினரை அஞ்சவைத்த உண்மையை மறைத்துவிடுகின்றது.

இனித் தோட்டம். நினோமாருத் தோட்டத்தைப் பற்றிக் கூறப்படுவதெல்லாம் அதன் அழகு பற்றியதே. குளம், அதன் நடுவே சாவாமை பெற்றோர் வாழும் ஓராய் என்னும் தீவு, நீண்ட ஆயுளைக் குறிக்கும் நாரைத் தீவும் ஆமைத் தீவும், கரைநெடுகக் கூரிய முனைகளுடன் நிறுத்தப்பட்ட பெரும்பாறைகள். இவற்றைக் காட்டி, மனத்துக்கு அமைதி தரும் தோட்டம் என்பர். அமைதி நாடிப் பாறைகளைத் தேடியவன் இவ்வளவு பருமனும் முரட்டுத்தன்மையும் உள்ளவற்றைத் தெரிந்தெடுப்பானா? தென்திசை வெப்பநிலத்துக்குரிய சைக்கசு மரங்கள் இங்கு நடப்பட்டு, ஆண்டுதோறும் குளிர்காலத்தில் வைக்கோலால் போர்த்தப்படுகின்றன. உறைபனி விழும் நகரிலே இம்மரத்தை உயிரோடு வைத்திருப்பது இயற்கைப் பற்று அன்று. தொலைநிலத்தின் மரமும் தன் வாயிலில் நிற்கும் என்று காட்டும் வலிமை. அகத்திணைப் பாடல்களைக் கற்றவர்க்கு இது புதிதாகத் தோன்றாது: கருப்பொருள் உரிப்பொருளுக்காகவே நிற்கும். இத்தோட்டத்தின் உரிப்பொருள் ஆட்சி.

அவ்வாறாயின் அந்த உரிப்பொருள் வெளிப்படும் இடம் எது? 1626இல் நிகழ்ந்த ஒரு விருந்தோம்பலே அதற்கு விடை. அவ்வாண்டிலே பேரரசர் கோ-மிசுனோ ஐந்து நாள் விருந்தினராக இக்கோட்டைக்கு எழுந்தருளினார். அவருடைய பட்டத்தரசி சோகுன் குடும்பத்துப் பெண். 1620இல் மணமுடித்து அனுப்பப்பட்டவள். அரசவையினரின் கடமைகளை வரையறுத்து, பேரரசருக்குக் கல்வியும் கலையுமே உரியன என்னும் கருத்தை முதன்மைப்படுத்திய சட்டத்தை 1615இல் பிறப்பித்தவர்களும் இதே தொக்குகாவாக்களே. பெண்கொடுத்து, சட்டத்தாற் கட்டி, பின்னர் விருந்துக்கும் அழைத்தனர். இவ்விருந்துக்காகத் தோட்டத்தின் தெற்கிலே பேரரசருக்கெனத் தனி அரண்மனையொன்று எழுப்பப்பட்டது. பணிகளுக்குப் பொறுப்பாயிருந்த கொபோரி என்சூவின் தலைமையில் தோட்டமும் திருத்தப்பட்டது என்பர். முன்னர் ஓஹிரோமாவிலிருந்தும் குரோசொயினிலிருந்தும் காணத்தக்கதாயிருந்த தோட்டம், இப்போது தெற்கேயிருந்து காணும் முகத்தையும் பெற்றது. ஒரே குளம், ஒரே பாறைகள். மூன்று இருக்கைகளுக்கு மூன்று முகம்.

இவ்விடத்திலேதான் கலைப்படைப்பு தன் இரகசியத்தைத் தானே கூறுகின்றது. பேரவைக்கூடத்தில் அமரும் சோகுனுக்கும், உட்கூடத்தில் அமரும் சோகுனுக்கும், தெற்கு மாளிகையில் அமரும் பேரரசருக்கும் காட்சி ஒருங்கே நிறைவாக அமையவேண்டும். பேரரசருக்குக் குறைவான முகம் காட்டினால் அது அவமதிப்பு. சோகுனுடைய முகம் குன்றினால் அது தோல்வி. அரசியலில் தீராதிருந்த ஒரு முரண்பாடு கல்லிலும் நீரிலும் தீர்க்கப்பட்டது. பேரரசர் இருந்து காணும் அழகு முழுவதும் சோகுனால் ஆக்கி அளிக்கப்பட்ட அழகு என்பதைச் சொல்லாமற் சொல்லவும் வேண்டியிருந்தது. மூன்று பக்கத்திலிருந்தும் குலையாத பாறைச்சேர்க்கை ஒன்றை அமைப்பது எத்துணைக் கடினமான கலைப்பணி என்பது, ஒரு கோணத்துக்கு ஒரு படம் வரைந்து பழகியவர்க்கும் விளங்கும்.

ஆதலால், “நிலமானியப் பிரபுக்களின் பகட்டு” என்று ஒரு தொடரிலே இத்தோட்டத்தை ஒதுக்கிவிடுவோரும் வழிகாட்டியைப் போலவே தவறுகின்றனர். முற்போக்கு விமர்சனம் என்ற பெயரில் இத்தகைய சுருக்கங்கள் எழுதப்படுவதுண்டு. பகட்டு என்பது உண்மையே. ஆனால் பகட்டுக்கு மூன்று முகம் தேவையில்லை. உருவத்தை ஊன்றி நோக்காது உள்ளடக்கத்தை மட்டும் கூறுபவர், இத்தோட்டம் நிக்கோவிலுள்ள தொக்குகாவா நினைவாலயத்திலிருந்து எவ்வாறு வேறுபடுகின்றது என்பதைச் சொல்ல இயலாது. உருவத்தின் நுட்பமே வரலாற்றின் சான்றாக அமையும்போது, அழகை விட்டு வரலாற்றையோ வரலாற்றை விட்டு அழகையோ பேசுவது எவ்வகையிற் பொருந்தும்?

வழிகாட்டிச் சுற்றின் பெருங்குறை இங்கே புலனாகும். தோட்டம் இருந்து காண்பதற்கு அமைந்தது. சுற்றோ நடந்து காட்டுகின்றது. அரண்மனைத் தாழ்வாரங்களில் நடப்பவர் கூடங்களுக்குள் காலடி வைப்பதற்கில்லை. தளத்தையும் ஓவியங்களையும் காப்பதற்கு அது வேண்டியதே. ஓவியங்களிற் பெரும்பகுதி 1972இல் தொடங்கிய பணியின் பயனாகப் படிகளாக மாற்றப்பட்டு, மூலங்கள் 2005இல் அமைந்த காட்சிக்கூடத்திற் பேணப்படுகின்றன. இவை பாராட்டுக்குரிய செயல்கள். எனினும் விளைவு யாது? இருக்கை உள்ளே தனித்திருக்கின்றது. தோட்டம் வெளியே தனித்திருக்கின்றது. முதலில் ஓவியம் என்று ஒன்றைக் கண்டு, பாதணி அணிந்து வெளியே வந்து, பின்னர் இயற்கை என்று மற்றொன்றைக் காண்கின்றனர். கண்ணையும் காட்சியையும் பிணைத்த கயிறு அறுபட்டபின், எஞ்சுவது அழகிய பாறைகள் மட்டுமே. அக்கயிற்றைச் சொல்லாலாவது மீளக் கட்டுவதே வழிகாட்டியின் பணி. அதனைத் திறம்படச் செய்யும் நல்ல வழிகாட்டிகள் இல்லாமலில்லை. ஆனால் மணித்தியாலத்துக்கு அளந்து வைத்த நடை அவர்களுக்கு அதிக இடம் தருவதில்லை.

இரண்டாவது செய்தியாகிய அழியாப் பழைமையும் ஆராயத்தக்கது. இயெமிட்சு 1634இல் பெரும்பரிவாரத்தோடு வந்து சென்றபின், 1863இல் பதினான்காவது சோகுன் இயெமோச்சி வரும்வரை, எந்தச் சோகுனும் இக்கோட்டையுள் அடிவைக்கவில்லை. இருநூற்று இருபத்தொன்பது ஆண்டுகள்! அவ்வளவு காலமும் புலிகள் எவரையும் அச்சுறுத்தாது சுவரில் நின்றன. மூன்று முகத் தோட்டம் காண்பாரின்றிச் சீரிழந்தது. விருந்துக்கு எழுப்பிய மாளிகை விருந்து முடிந்தபின் அகற்றப்பட்டது. ஐந்தடுக்குக் கோபுரம் 1750இல் மின்னலுக்கு இரையாக, உள் அரண்மனை 1788இன் பெருந்தீயில் அழிந்தது. இன்று உள் அகழிக்குள் காணப்படுவது 1893-94இல் பிறிதோரிடத்திலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்ட இளவரச மாளிகை. அதன் முன்னுள்ள புல்வெளித் தோட்டம், பேரரசர் மெய்ஜி 1895இல் வந்து பார்த்தபின் இட்ட ஆணைப்படி 1896இல் நிறைவுற்றது. நினோமாருத் தோட்டமே அரச மாளிகைக் காலத்தில் பன்முறை திருத்தப்பட்டது. கராமொன் வாயிலிலே தொக்குகாவாக் குடும்பத்தின் மூவிலைச் சின்னம் இருந்த இடத்தில் பேரரசரின் செவ்வந்திச் சின்னம் ஏறியிருப்பதைக் கூர்ந்து நோக்குவோர் காணலாம். 1867இல் நிகழ்ந்த ஆட்சிமாற்றத்தை இதைவிடச் சுருக்கமாக எந்த வரலாற்றாசிரியனும் எழுதியதில்லை.

வடபுறத்திலுள்ள செய்ரியூ-என் தோட்டமோ 1965இல் கியோத்தோ நகரம் அமைத்தது. பாதி யப்பானிய முறை, பாதி மேனாட்டுப் புல்வெளி. அதற்குப் பயன்பட்ட கற்களுள் பெருந்தொகையானவை சுமினோக்குரா ரியோயி என்னும் வணிகனின் பழைய மனையிலிருந்து வந்தவை. கியோத்தோவில் தக்காசே கால்வாயை வெட்டுவித்த பெருவணிகன் அவன். சோகுன் காலத்துச் சமுதாயப் படிநிலையில் வணிகனுக்குக் கடைசி இடம். அவனுடைய கற்கள் சோகுனுடைய மதிலுக்குள்ளே குடியேறியதைப் பற்றிச் சுற்றின் முடிவில் களைத்து நிற்போரிடம் எவரும் அதிகம் கூறுவதில்லை. மாறாது நின்றது என்று காட்டப்படும் இக்கோட்டை உண்மையில் மாற்றங்களின் அடுக்கு. அவ்வடுக்குகளைப் பிரித்துக் காட்டினால் அதன் மதிப்புக் குறையும் என்று அஞ்சுவது வீண்.

நடந்து காணும் தோட்டம் என ஒன்று யப்பானிய மரபில் இல்லாமலில்லை. அதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். 1626இல் விருந்தினராக வந்த கோ-மிசுனோ 1629இல் அரசுதுறந்தார். பின்னர் 1650களில், நகரின் வடகிழக்கு மலையடிவாரத்தில், சுகாக்குயின் மாளிகைத் தோட்டத்தை அமைத்தார். அதற்கும் சோகுன் அரசே பொருள் உதவியது. இங்கே கண்ணைக் கட்டிவைக்கும் இருக்கை இல்லை. நெடிய செடிவேலிகளுக்கிடையே குறுகிய படிகளில் ஏறுபவர், உச்சியை அடைந்து திரும்பும்போது, குளமும் அதற்கப்பாலுள்ள மலைத்தொடர்களும் ஒருங்கே விரியக் காண்பர். மலையோடையை மறித்துக் கட்டிய பேரணையின் கற்சுவர்கள் கத்தரித்த செடிகளால் மூடப்பட்டுள்ளன. நிஜோவில் கல் தன்னைக் காட்டி நிற்கிறது. இங்கோ தன்னை ஒளித்து நிற்கிறது. இத்தோட்டத்தையும் அனுமதி பெற்று, வழிகாட்டியின் பின்னே, ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் நடந்தே காணவேண்டும். நடப்பதற்கென ஆக்கப்பட்டதாதலின் அந்த நடை மூலத்துக்கு முரணாவதில்லை.

ஆயினும் சுகாக்குயினை அதிகாரத்தின் நிழல் படாத தூய அழகென்று கொள்வதும் பிழையாகும். 1933இல் யப்பான் சென்ற செர்மானியக் கட்டடக்கலைஞர் புரூனோ தவுட், கியோத்தோவின் கட்சுரா மாளிகையைப் போற்றி, நிக்கோவின் சோகுன் ஆலயத்தைப் பழித்தார். அரசவையின் எளிமை உயர்ந்தது, சோகுனின் பகட்டு இழிந்தது என்னும் இப்பாகுபாடு பேரரசரை முன்னிறுத்திய அக்கால அரசியலுக்கு மிக உவப்பாக அமைந்தது. சுகாக்குயினின் எளிமையோ வயல்களின் நடுவே அமைந்தது. மாளிகைகளுக்கிடையே கிடக்கும் நெல்வயல்களும் காட்சியின் பகுதியாயின. காட்சி குலையாதிருக்க அரச நிர்வாகம் 1964இல் அவற்றை விலைக்கு வாங்கி, உழவரைக்கொண்டே பயிரிடுவித்தது. தேவதாரு வரிசையினூடே நடப்பவர்க்கு நாற்று நடுபவரும் காட்சிப் பொருளாகின்றனர். நிஜோவில் பிரபுக்கள் தலைதாழ்த்தினர். இங்கு உழவர் குனிகின்றனர். இரண்டும் தொலைவிலிருந்து அழகாகவே தோன்றும்.

மீண்டும் நிஜோவுக்கு வருவோம். நினோமாருத் தோட்டத்தின் தெற்கிலே, பேரரசருக்கென எழுப்பிய மாளிகை நின்ற இடம் இன்று வெறும் புற்றரை. மூன்று இருக்கைகளுள் அரண்மனைச் சுவர்களுக்குள்ளே அகப்படாதிருப்பது அத்திசை ஒன்றே. பாறைகளுக்கு அப்பால் ஓஹிரோமாவும் குரோசொயினும் ஒன்றன்பின் ஒன்றாக விலகி நிற்பதை அப்பக்கத்திலிருந்து நோக்கினால், 1626இன் இலையுதிர்காலத்தில் கோ-மிசுனோவின் கண்முன்னே அரசு எத்தகைய முகத்தோடு நின்றது என்பதை ஒருவாறு உணரலாம். அதற்குச் சில நிமிடங்கள் நின்றாற் போதும். சுற்று அவ்விடத்தில் பெரும்பாலும் நிற்பதில்லை. உள் அகழியின் பாலம் அடுத்துக் காத்திருக்கின்றது.